அணுகுண்டுக்கு முன்னால் சாண் என்ன, முழம் என்ன?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முழுமைத் தற்காப்பு நாளான பிப்ரவரி 15 மாலை ஒத்திகைக்காக அபாயச் சங்கு ஒலித்தபோது, தொடக்கப்பள்ளி ஐந்தில் படிக்கும் உங்கள் மகன், "அம்மா, அணுகுண்டு போட்டால் நாம் எங்கே ஓடுவோம்?" என்று கேட்டிருக்கிறான். நீங்கள் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே உங்கள் கணவர், "ஓட ஏது இடம்? சிங்கப்பூர் ஒரு புள்ளி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?" என்று சொல்லிவிட்டார். பையன் அன்றிரவு உங்கள் அறையில் வந்து படுத்துக்கொண்டான். பொங்கோலில் நான்கறை வீடு, சக்கர நாற்காலியில் மாமியார், வீட்டோடு தங்கியிருக்கும் பணிப்பெண், சாமான்கள் நிரம்பிய பாம் ஷெல்டர் எனும் புகலிட அறை. இப்படிப்பட்ட ஒரு குடும்பம் இதை எப்படி எதிர்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

நான் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். போர்த்தந்திரம் எனக்குத் தெரியாது. கதிர்வீச்சு எதைத் துளைக்கும், எங்கே நிற்கும், எவ்வளவு நேரத்தில் தணியும் என்பது தெரியும். அந்த அறிவை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் கணவர் சொன்ன பழமொழி வேறு பல இடங்களுக்குப் பொருந்தலாம், இந்த இடத்துக்குப் பொருந்தாது. இங்கே சாணும் முழமும்தான் கணக்கு.

முதலில் தொலைவு. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று வெடித்த குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 15 கிலோடன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். இன்றுள்ள குண்டுகள் பல அதைவிடப் பெரியவை. எனவே 100 கிலோடன் குண்டு ஒன்று நம் நகர மையத்துக்கு மேல் வெடிப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். வீடுகள் இடிந்து விழும் வட்டம் மையத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை போகும். கண்ணாடிச் சன்னல்கள் பரவலாக உடைந்து சிதறும் வட்டம் 8, 9 கிலோமீட்டர் வரை போகும். நகர மையமான ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து உங்கள் பொங்கோல் நேர்கோட்டில் 14 கிலோமீட்டர். மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ் 20 கிலோமீட்டருக்கும் அப்பால். குண்டு இன்னும் பெரிதாக இருந்தாலோ ஒன்றுக்கு மேல் விழுந்தாலோ இந்த எண்கள் மாறும். ஆனால் "ஒரே குண்டில் எல்லாம் முடிந்துவிடும்" என்பது தவறு. அப்படி ஒரு நாள் வந்தால், முதல் நிமிடத்துக்குப் பிறகு உயிரோடு இருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். உங்கள் குடும்பம் அவர்களில் ஒன்றாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அடுத்த இரண்டு நாட்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெரும் எண்ணிக்கையில் உயிர்கள் பிழைக்கும் அல்லது போகும்.

மையத்துக்கு மிக அருகிலும்கூட கான்கிரீட்டுக்கு மதிப்பு இருந்திருக்கிறது. ஹிரோஷிமாவில் வெடிப்புப் புள்ளிக்கு நேர் கீழிருந்து 170 மீட்டர் தள்ளி, எரிபொருள் பங்கீட்டு அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த எய்ஸோ நோமுரா என்ற 47 வயது ஊழியர் ஆவணம் எடுக்க நிலவறைக்கு இறங்கியிருந்த நேரத்தில் குண்டு வெடித்தது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் பிழைத்து நெடுநாள் வாழ்ந்தவர் அவர் ஒருவரே. 1982-ல், 84 வயதில் இறந்தார். அந்த ஊரில் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள் என்பதை மறந்துவிட்டு இதை நான் சொல்லவில்லை. ஒரு தளம் கீழே இருந்ததும் தலைக்கு மேல் கான்கிரீட் இருந்ததும் ஒருவருக்கு 37 ஆண்டுகளைத் தந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது வெளிச்சம். அணுகுண்டு வெடித்தால் முதலில் வருவது கண்ணைப் பறிக்கும் ஒளி. அடி வருவது அதற்குப் பிறகு. அருகில் இருந்தால் சில நொடிகள், பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஏறத்தாழ அரை நிமிடம் இடைவெளி. அந்த இடைவெளியில் மனிதர்கள் செய்யும் இயல்பான காரியம், "என்ன அது?" என்று சன்னலுக்குப் போய்ப் பார்ப்பது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் ஒரு விண்கல் வெடித்தபோது இதுதான் நடந்தது. வானில் பேரொளியைக் கண்டவர்கள் சன்னலருகே போய் நின்றார்கள். அதிர்வலை பிறகு வந்து சேர்ந்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால். அதே ஊரில் ஓர் ஆசிரியை, தன் வகுப்பில் இருந்த 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகளில் ஒருவருக்கும் காயமில்லை. நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவின் கையைத்தான் கண்ணாடி கிழித்தது. நாம் முழுமைத் தற்காப்பு நாள் கடைப்பிடிக்கும் அதே தேதி என்பதால் பையனுக்கும் எளிதில் நினைவிருக்கும். சொல்லிக் கொடுங்கள்: பேரொளி தெரிந்தால் சன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் குப்புறப் படுக்க வேண்டும், கண்ணை மூடித் தலையைக் கைகளால் மறைத்துக்கொள்ள வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் கூடத்துச் சன்னல்கள் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி நான் நன்றாக அறிந்த விஷயத்துக்கு வருகிறேன். மக்களுக்கு அதிக அச்சமும் குறைந்த தெளிவும் இருப்பது கதிர்வீச்சைப் பற்றித்தான். என்னிடம் சிகிச்சைக்கு வந்த எத்தனையோ தாய்மார்கள், "இன்று வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து கருவி பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்கி இன்னொருவரைத் தொற்றுவதில்லை என்று ஒவ்வொரு முறையும் விளக்கியிருக்கிறேன். குண்டு விஷயத்திலும் பாயும் கதிர் வேறு, ஒட்டும் கதிரியக்கத் தூசி வேறு என்ற வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். குண்டு தரையில் அல்லது தரைக்கு மிக அருகில் வெடித்தால், மண்ணும் கட்டடத் தூளும் நெருப்புக் கோளத்துக்குள் இழுக்கப்பட்டு, கதிரியக்கம் ஏறி, காற்றோடு போய் மணல் போல, சாம்பல் போல விழும். அந்தத் தூசிதான் ஆபத்து. வெடிப்பு நடந்த பகுதிக்கு வெளியே அது விழத் தொடங்கப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும். உள்ளே போக அந்த நேரம் போதும். வானில் உயரத்தில் வெடித்தால் இந்தத் தூசி மிகக் குறைவு.

தூசி என்பதால் அதை உதறலாம், கழுவலாம், கதவை அடைத்து வெளியே நிறுத்தலாம். வெளியிலிருந்து வந்தவர் மேல்துணியைக் கழற்றிப் பையில் கட்டி வாசலுக்கு அப்பால் வைத்தாலே உடலில் ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். பிறகு சோப்புப் போட்டு மென்மையாகக் குளியல், அழுத்தித் தேய்க்கக் கூடாது. தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது, தூசியை முடியோடு ஒட்ட வைத்துவிடும். அதே காரணத்தால் அன்றைக்கு எண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

வெளியே கிடக்கும் தூசியின் கதிர் சுவர் வழியாக வருமே என்றால், வரும், ஆனால் குறைந்து வரும். ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் அதைப் பாதியாக்கும். இன்னொரு ஆறு, கால்பங்கு. ஒரு சாண் கனமுள்ள கான்கிரீட் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஒரு முழம் என்றால் இருநூறில் ஒரு பங்கு! உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நேரமும் நம் பக்கம்தான். வெடித்து ஒரு மணி நேரம் ஆனபோது இருந்த கதிர்வீச்சின் வேகத்தை நூறு என்று வைத்தால், ஏழு மணி நேரத்தில் அது பத்தாகும். ஏழேழு நாற்பத்தொன்பது மணி நேரத்தில், அதாவது இரண்டு நாளில், ஒன்றாகும். இரண்டு வாரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் உலகெங்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரே அறிவுரையைச் சொல்கிறார்கள்: உள்ளே போங்கள், உள்ளேயே இருங்கள், வானொலியைக் கேளுங்கள். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். முதல் சில மணி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு மலேசியாவுக்குச் செல்லும் கடற்பாலத்தை நோக்கிப் போவதுதான் ஆகக் கெட்ட முடிவு. கார் தகரம் ஒரு விரற்கடை கான்கிரீட்டுக்கும் ஈடாகாது. எனவே பையன் கேட்ட கேள்விக்கு நேர் பதில்: ஓட மாட்டோம். வீட்டுக்குள், நடுவில் இருக்கும் அறைக்குப் போவோம்.

அந்த அறை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 1998 மே மாதத்திலிருந்து இங்கே கட்டப்படும் புதிய வீடுகளில் புகலிட அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது அணுகுண்டுக்காகத் திட்டமிட்ட அறை இல்லை. சாதாரண வெடிகுண்டின் அதிர்ச்சியையும் சிதறல்களையும் தடுப்பதற்காக இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட்டில் கட்டியது. ஆனால் கதிருக்குக் கான்கிரீட் எதற்காகப் போடப்பட்டது என்பது தெரியாது. தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட உள்ளறை, தூசிக் கதிருக்கு வீட்டிலேயே சிறந்த இடம். பழைய புளோக்கில் இருக்கும் உறவினர்கள் சன்னலிலிருந்து தள்ளி, வெளிச்சுவர் இல்லாத இடத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். கூரைக்கு அடுத்த தளத்திலோ தரைத்தளத்திலோ வீடு இருந்தால், நடுமாடியில் இருக்கும் அண்டை வீட்டார் இடம் கொடுத்தால் அங்கே போவது மேல். சில நிலத்தடி எம்ஆர்டி ரயில் நிலையங்களும் பொதுப் புகலிடங்களாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

நம்மவர் வீடுகளில் அந்த அறையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரிசி மூட்டை, ஊருக்குப் போகும் பெரிய பெட்டிகள், கொலு பொம்மைகள், பொங்கல் பானை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் அண்டா. எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் காலியாக்க முடிகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஆணி அடிக்காதீர்கள், காற்றுத் துளைகளின் மூடிகளைக் கழற்றாதீர்கள், கதவை மாற்றாதீர்கள். அந்த அண்டாவுக்கு வேலை உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால், ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு அறுபது லிட்டர். எச்சரிக்கை வந்த உடனே மூடியுள்ள பாத்திரங்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவிடுங்கள். மாமியாரின் மருந்து இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் சிறு வானொலி ஒன்று வாங்குங்கள். கைப்பேசிச் சேவை நின்றுவிடலாம். ஒலி 96.8-ல் தமிழில் கேட்கும்போது மாமியாருக்கும் புரியும். டார்ச், முதலுதவிப் பெட்டி, முகக்கவசம், ஆவணங்களின் நகல் ஆகியவற்றைக் குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் தயார்நிலைப் பையில் போட்டுவையுங்கள். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும், வேறெதையும் காக்காது. முதியோருக்குப் பொதுவாகத் தேவையும் இல்லை. அரசாங்கம் சொல்லாமல் யாரும் விழுங்க வேண்டாம்.

இப்போது ஒரு தாயிடம் சொல்லக் கடினமானதைச் சொல்ல வேண்டும். குண்டு விழும்போது பையன் பள்ளியில் இருந்தால், அவனை அழைத்துவர ஓடாதீர்கள். பள்ளிக் கட்டடமும் கான்கிரீட்தான், ஆசிரியர்கள் அவனை உள்ளே வைத்திருப்பார்கள். நீங்கள் தூசி விழும் நேரத்தில் சாலையில் இறங்கினால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை, அவன் தாயை இழக்கும் ஆபத்துதான் மிச்சம். அவனை நீங்கள் அழைத்துவந்தால் அவனும் அந்தத் தூசியில் நடப்பான். 2018 ஜனவரி 13 காலை ஹவாயில், ஏவுகணை வருகிறது என்று கைப்பேசிகளில் தவறான எச்சரிக்கை போனது. அது தவறு என்ற செய்தி வர 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடத்தில் பெற்றோர் பிள்ளைகளைத் தேடி வண்டியை விரட்டினார்கள், சாலையோர வடிகாலுக்குள் பிள்ளைகளை இறக்கினார்கள். முன்கூட்டியே பேசி வைக்காத குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு என்ன தோன்றும்? நீங்கள் இன்றே பேசி வையுங்கள். "நீ பள்ளியில் இருந்தால் ஆசிரியர் சொல்வதைக் கேள், வெளியே வரலாம் என்று அரசாங்கம் சொன்னதும் நாங்கள் வந்துவிடுவோம்" என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், வராத அம்மாவை நினைத்து அவன் பயப்பட மாட்டான்.

மாமியாரை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அந்த மாநிலத்தில் வெளியேற்றத்தின் அலைச்சலாலும் அதைத் தொடர்ந்த துன்பங்களாலும் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று ஜப்பான் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள்.

பணிப்பெண்ணும் இந்த ஏற்பாட்டில் ஒருவர், அவருக்கும் அந்த அறையில் இடம் உண்டு. அதை இப்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அதோடு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள் யாராவது தெரிந்தவர்கள் என்றால், சங்கு ஏறி இறங்கி அலறினால் உடனே உள்ளே போக வேண்டும் என்பதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். இந்த ஊருக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒருவருக்கு அந்த ஒலி எதற்கென்று யார் சொல்லியிருப்பார்கள்?

மனிதர்களைப் பற்றிய அச்சம் எனக்குக் கதிர்வீச்சைவிடப் பெரிது. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளை என்னவென்று அறியாமல் சிலர் உடைத்து எடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. அவளை அடக்கம் செய்ய எடுத்துச் சென்றபோது கூட்டம் வழிமறித்துக் கல்லெறிந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களுக்குப் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் பலர் தயங்கினார்கள், வேலை தரவும் தயங்கினார்கள். அவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடாங்கியோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு 2024-ல்தான் கிடைத்தது. அடுத்தடுத்த கதவுகளில் வாழும் நாம், மேல்துணியை மாற்றிக் குளித்துவிட்டு வந்த அண்டை வீட்டுக்காரரைக் கண்டு கதவைச் சாத்தாமல் இருக்க வேண்டுமானால், இந்த அறிவு அதற்கு முன்பே நம்மிடம் இருக்க வேண்டும்.

குண்டு இங்கே விழாமல், தொலைவில் வல்லரசுகள் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. நம் ஊருக்கு அதுதான் உண்மையான பெரும் ஆபத்து என்று நான் நினைக்கிறேன். எரியும் நகரங்களின் கரும்புகை வானில் தங்கி வெயிலை மறைத்தால் பயிர் விளையாது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவும் பாகிஸ்தானும் அணுப்போர் புரிந்தால் உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டினியால் சாகலாம் என்றும், அமெரிக்காவும் ரஷ்யாவும் என்றால் 500 கோடியைத் தாண்டும் என்றும் கணக்கிட்டது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் தீவு நாம். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நான்கு நாட்களில், ஊரில் இருக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தோமே, அந்தக் கவலை நம் சோற்றுத் தட்டைப் பற்றியதும்தான். இதற்கு வீட்டளவில் முழு விடை கிடையாது. அரிசி இறக்குமதியாளர்கள் குறிப்பிட்ட இருப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இங்கே நெடுங்காலமாக உண்டு, அது நல்ல விதி. நம்மால் ஆவது, பதறிப் பதுக்காமல் இருப்பது. 2020 பிப்ரவரி 7 அன்று கொவிட் பரவலுக்காக ஆரஞ்சு நிலை எச்சரிக்கை அறிவித்த மாலையில் கடைகளில் அரிசியும் மீ நூடல்ஸும் எப்படி மறைந்தன என்று பார்த்தோம். ஜப்பானியர் காலத்தில் மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த என் பாட்டி, சிராங்கூன் சாலைப் பக்கம் வீட்டுக் கொல்லையில் தோண்டியெடுத்த கிழங்கை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இது நடக்குமா என்றால், நடக்கக்கூடியதுதான். ஆனால் விதி என்று ஏற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. 1986-ல் உலகில் 70,000 வாக்கில் இருந்த அணு ஆயுதங்கள் இன்று சுமார் 12,000. மனிதர்கள் உட்கார்ந்து பேசிக் குறைத்தார்கள். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று கருவி காட்டியபோது, இது தவறான எச்சரிக்கை என்று தீர்மானித்த சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ் ஒரு தனி மனிதர். தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் ஒப்பந்தம் 1995-ல் கையெழுத்தாகி 1997-ல் நடப்புக்கு வந்தது, நாமும் அதில் இருக்கிறோம். 2018 ஜூன் 12 அன்று அமெரிக்க அதிபரும் வடகொரியத் தலைவரும் சந்தித்தது நம் செந்தோசா தீவில். ஆனால் 2017-ல் அணு ஆயுதத் தடை உடன்பாட்டை ஐநாவில் 122 நாடுகள் ஆதரித்தபோது, வாக்கெடுப்பில் கலந்துகொண்டும் ஆதரிக்காமல், எதிர்க்காமல் நடுநிலை வகித்தது சிங்கப்பூர் மட்டுமே. அது எனக்கு இன்றும் வருத்தம், சொல்லாமல் போக மனமில்லை.

பையனிடம், "அப்படி எதுவும் நடக்காது" என்று சொல்லாதீர்கள். செய்தி படிக்கிற வயது, நம்ப மாட்டான். "நடக்காமல் இருக்கப் பலர் வேலை செய்கிறார்கள், நடந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அவனையும் அவன் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு அந்த அறையைக் காலிசெய்யுங்கள். அளவுநாடா அவன் கையில் இருக்கட்டும். பாட்டியின் சக்கர நாற்காலி அந்த இரும்புக் கதவின் வாசலில் நுழைகிறதா என்று அவனே அளக்கட்டும். நுழையாவிட்டால் சாய்வுள்ள மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி உள்ளே நிரந்தரமாக வையுங்கள், பாட்டியை அதில் ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள். வசதியாக இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.